கல்லெறிந்தது யார்? பி.கே. ரோசியின் பக்கத்தைத் திருத்தும்போது

பி.கே. ரோசியைப் பற்றிய விக்கிப்பீடியா கட்டுரையைத் திருத்தி விரிவாக்கலாம் என்று சென்ற ஆண்டு உட்கார்ந்தேன். ஒரு மாலையில் முடிந்துவிடும் என்றுதான் நினைத்தேன். என் முனைவர் பட்ட ஆய்வே தென் திருவிதாங்கூரின் பழைய நாடகக் குழுக்களைப் பற்றியது. குறிப்புகள் கையில் இருந்தன. தனியாக ஒரு வரைவு எழுதி முடித்துவிட்டுப் பிறகு பக்கத்தில் ஏற்றலாம் என்பது திட்டம். நான்காவது வாக்கியத்தில் நின்றுவிட்டேன்.

அந்த வாக்கியம் இது: ‘முதல் காட்சியின்போது திரையை நோக்கிக் கல் எறியப்பட்டது.’

எழுதியது நானேதான், வேறு யாரையும் குறைசொல்ல வழியில்லை. இலக்கணப் பிழை கிடையாது. மேற்கோளும் கொடுத்திருந்தேன். மறுநாள் காலையில் எடுத்துப் படித்தபோது, இது ஏற்கெனவே நூறு முறை படித்த வாக்கியமாயிற்றே என்று பட்டது. குடிசைகள் கொளுத்தப்பட்டன. தேர் நிறுத்தப்பட்டது. இளைஞர் வெட்டப்பட்டார். குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. விவரம் தெரிந்த நாள் முதல் நாளிதழில் நாம் படித்துவரும் மொழி இது. எங்கள் ஊரில் யாரும் ‘நான் அடிக்கப்பட்டேன்’ என்று பேசிக் கேட்டதில்லை. ‘அவன் என்னை அடிச்சான்’ என்றுதான் சொல்வார்கள். அடித்தவன் பெயரைச் சொல்ல விருப்பமில்லாத இடத்தில்தான் இந்தப் ‘பட்டது’ வந்து உட்கார்ந்துகொள்கிறது. சாதியைப் பற்றி ஆய்வு செய்கிறேன் என்று சொல்லிக்கொள்ளும் நான், ஒரு புலையப் பெண்ணின் மீது விழுந்த கல்லைப் பற்றி எழுதும்போது, எறிந்தவனை என்னையறியாமல் வெளியே அனுப்பியிருக்கிறேன்.

ரோசியின் கதையை இந்தத் தளத்தின் வாசகர்கள் பலரும் அறிந்திருப்பார்கள். அறியாதவர்களுக்காகச் சுருக்கமாக: திருவனந்தபுரம் நந்தன்கோட்டில் ஒரு புலையர் வீட்டில் பிறந்தவர். இயற்பெயர் ராஜம்மா. தமிழும் மலையாளமும் கலந்து ஆடப்படும் காக்காரிசி நாடகத்தில் நடித்துக்கொண்டிருந்தவர். அகஸ்தீஸ்வரத்தைச் சேர்ந்த ஜே.சி. டேனியல், திருவிதாங்கூர் நேஷனல் பிக்சர்ஸ் என்ற பெயரில் ஒரு நிறுவனம் தொடங்கி, ‘விகதகுமாரன்’ என்ற ஊமைப்படத்தை எழுதி, இயக்கி, தானே நடிக்கவும் செய்தார். பணக்கார வீட்டுப் பையனைக் கடத்திக்கொண்டுபோய் இலங்கைத் தோட்டத்தில் விட்டுவிடுகிறார்கள் என்று போகும் கதை. அந்தப் பையனின் தங்கை சரோஜினி நாயர் பெண். அந்த வேடத்தில் ரோசி நடித்தார். திருவனந்தபுரம் கேப்பிட்டல் அரங்கில் வழக்கறிஞர் மள்ளூர் கோவிந்தப் பிள்ளை படத்தைத் தொடங்கிவைத்தார். ரோசி உள்ளே இருந்தால் நாங்கள் வரமாட்டோம் என்று ஊர்ப் பெரிய மனிதர்கள் சொன்னதாகவும், கதாநாயகியே அரங்குக்கு வெளியே நிறுத்தப்பட்டதாகவும் எழுதியிருக்கிறார்கள். (பாருங்கள், மறுபடியும் ‘நிறுத்தப்பட்டதாக’.) நாயகன் அவர் தலையிலிருந்த பூவை முத்தமிடும் காட்சி வந்ததும் கூச்சல் எழுந்து, கல் பறந்து, திரை கிழிந்தது. பிறகு அவருடைய குடிசைக்குத் தீ வைத்தார்கள். ரோசி இரவோடு இரவாக ஒரு லாரியில் ஏறித் தப்பினார். அந்த லாரியின் ஓட்டுநர் கேசவப் பிள்ளையை மணந்து, நாகர்கோவிலில் ராஜம்மாளாக வாழ்ந்தார். 1988இல் இறந்ததாகச் சொல்லப்படுகிறது. அவர் நடித்த ஒரே படத்தின் ஒரு பிரதிகூட இன்று இல்லை.

இதைக் கலைக்களஞ்சியத்துக்கு உரிய மொழியில் எழுத வேண்டும். விக்கிப்பீடியாவின் அடிப்படை விதிகளில் ஒன்று நடுநிலை நோக்கு. நம் தோழர்கள் பலர் இந்தச் சொல்லைக் கேட்டதுமே சிரிப்பார்கள். எனக்கும் சிரிப்பு வந்த காலம் உண்டு. ஆனால் விதியை நிதானமாகப் படித்தால், கல்லெறிந்தவனுக்கும் கல்லடி பட்டவருக்கும் சம இடம் கொடு என்று அது எங்கேயும் சொல்லவில்லை. நம்பகமான மூலங்கள் என்ன சொல்கின்றனவோ அதை அதே அளவில் சொல் என்கிறது. ரோசியைப் பற்றி எழுதிய எல்லோரும் எறிந்தவர்கள் ஆதிக்க சாதியினர் என்றுதான் எழுதியிருக்கிறார்கள். காரணத்தையும் எழுதியிருக்கிறார்கள். அதை விட்டுவிட்டு ‘கூட்டம் ஆத்திரமடைந்தது’ என்று எழுதினால்தான் விதி மீறல். ‘ஒரு புலையப் பெண் நாயர் பெண்ணாகத் தோன்றியதை ஏற்காத ஆதிக்க சாதிப் பார்வையாளர்கள் திரையை நோக்கிக் கல்லெறிந்தார்கள்’ என்பது என்னுடைய கோபம் அல்ல, மூலங்களின் சாரம். இதைப் புரிந்துகொள்ளவே எனக்கு ஒரு வாரம் ஆனது. நடுநிலை என்றாலே ஆள் பெயரை விழுங்குவது என்று பள்ளிக்கூடத்திலிருந்தே பழக்கிவைத்திருக்கிறார்கள்.

எறிந்தவர்களை உள்ளே கொண்டுவந்தாயிற்று. அடுத்தது, ஏன் எறிந்தார்கள் என்ற கேள்வி. ‘சாதி வெறி’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம். ஆனால் இன்றைய கல்லூரி மாணவருக்கு அது எதையும் விளக்காது. ஒரு நடிகை புடவை கட்டி, தலையில் பூ வைத்துக்கொண்டு திரையில் வந்ததற்கு ஊரே ஏன் கொதிக்க வேண்டும்? இதற்குத் திருவிதாங்கூரில் உடம்பும் உடையும் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டியிருக்கிறது. நாடார் பெண்கள் மேலாடை அணிவதற்கு நடத்திய போராட்டம் 1859ஆம் ஆண்டு அரசாணை வரை நீண்டது. டேனியலின் சொந்த மண்ணின் வரலாறு அது. புலையப் பெண்கள் கழுத்தில் கல்மாலை அணிய வேண்டும் என்ற கட்டாயம் அதற்குப் பிறகும் நீடித்தது. 1915இல் கொல்லத்துக்கு அருகே பெரிநாட்டில், அய்யன்காளி முன்னின்று நடத்திய போராட்டத்தில்தான் அந்தப் பெண்கள் கல்மாலைகளை அறுத்தெறிந்தார்கள். அதே அய்யன்காளி 1893இல் வில்வண்டியில் ஏறிப் பொதுச்சாலையில் போனதற்காகத் தாக்கியவர்களும் உண்டு.

இந்த ஆண்டுகளை ரோசியின் வயதோடு சேர்த்துப் பாருங்கள். அவர் 1903 பிப்ரவரி 10 அன்று பிறந்தவர் என்கிறார்கள். அப்படியானால் கல்மாலைகள் அறுந்து விழுந்தபோது அவருக்குப் பன்னிரண்டு வயது. தாயும் பாட்டியும் எதை அணியக்கூடாது, எதை அணிந்தே தீர வேண்டும் என்று ஊர் வகுத்துவைத்திருந்ததோ, அந்தச் சட்டத்தை ரோசி திரையில் ஏறி உடைத்தார். ஊமைப்படத்தில் வசனம் கிடையாது. குரலோ பேச்சு வழக்கோ அவரைக் காட்டிக்கொடுக்க வழியில்லை. உடையும் நடையும் பூவும் மட்டும்தான். ஒரு நாயர் பெண் ‘நாயர் பெண்ணாக’ இருப்பதற்கு இவ்வளவுதான் தேவை, இதை ஒரு புலையப் பெண்ணும் செய்துவிடலாம் என்று அந்த வெள்ளைத் திரை காட்டிவிட்டது. கல் அதற்காகத்தான் பறந்தது என்பது என் வாசிப்பு. இந்தக் கடைசி இரண்டு வரிகளைக் கட்டுரையில் சேர்க்கவில்லை. சேர்க்கவும் கூடாது. அது ஆய்வாளரின் கருத்து, இதழில் எழுத வேண்டியது. 1859ம் 1915ம் அங்கே இருந்தால் போதும், படிப்பவர் தானே கூட்டிக்கொள்வார்.

சாதியை எழுதுவதில் இன்னொரு சங்கடம். ரோசியின் எந்தக் குறிப்பை எடுத்தாலும் முதல் வரியிலேயே ‘தலித்’ என்று வந்துவிடுகிறது. வர வேண்டும்தான், அது இல்லாமல் இந்த வாழ்க்கையே விளங்காது. ஆனால் அதே காலத்துத் திரைப் பெரியவர்களின் குறிப்புகளைப் படித்துப் பாருங்கள். இசைக் குடும்பம், வசதியான குடும்பம், பாரம்பரியமிக்க குடும்பம். சாதி இருப்பது நமக்கு மட்டும்தான் போலிருக்கிறது, மற்றவர்களுக்கெல்லாம் குடும்பம் இருக்கிறது. பொதுப் பிரிவு என்பது எப்படிச் சாதியற்றதுபோல் உருவாக்கப்பட்டது என்று சதீஷ் தேஷ்பாண்டே 2013இல் எழுதிய கட்டுரையைப் படித்தவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றுமில்லை. கேள்வி, இதற்கு என்ன செய்வது என்பதுதான்.

எல்லா நடிகர் கட்டுரைகளிலும் சாதியைச் சேர்த்துவிடுவோம் என்று ஒரு தோழர் சொன்னார். எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்த வேலையைச் செய்யத் துடிப்பவர்கள் ஏற்கெனவே நிறையப் பேர் இருக்கிறார்கள். மன்னனையும் கவிஞனையும் நடிகனையும் தங்கள் சாதிக் கணக்கில் எழுதிக்கொள்ளும் கூட்டம் ஓயாமல் திருத்திக்கொண்டிருப்பதால்தான் ஆங்கில விக்கிப்பீடியா தெற்காசியச் சாதிகள் தொடர்பான பக்கங்களுக்குத் தனிக் கட்டுப்பாடே வைத்திருக்கிறது. உயிரோடு இருப்பவரின் சாதியை அவரே சொல்லியிருந்தால் ஒழிய எழுதக்கூடாது என்ற நடைமுறையும் அங்கே உண்டு. நல்ல நடைமுறை. நான் செய்தது வேறு. ரோசியின் கட்டுரைக்குள், சாதி வேலை செய்த இடங்களில் மட்டும் எல்லாத் தரப்பின் சாதியையும் எழுதினேன். நடித்தவர் புலையர். வேடம் நாயர். எடுத்தவர் நாடார் கிறித்தவர். எறிந்தவர்கள் ஆதிக்க சாதியினர். மணந்தவர் நாயர். இப்படி வரிசையாக வந்தபோது ரோசி மட்டும் சாதி ஒட்டிய ஆளாக நிற்கவில்லை.

இனி நான் செய்த இன்னொரு தவறு. என் வரைவில் ‘கேரளத்திலிருந்து தமிழ்நாட்டுக்குத் தப்பிச் சென்றார்’ என்று எழுதியிருந்தேன். யாரும் அப்படித்தான் எழுதுவார்கள். ஆனால் அந்த இரவில் கேரளம் என்ற மாநிலமே இல்லை. நாகர்கோவில் அன்று திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்குள் இருந்தது. 1956 நவம்பர் 1 அன்றுதான் கன்னியாகுமரி மாவட்டம் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. அந்த மாவட்டத்தில் பிறந்து வளர்ந்த எனக்கே இது உறைக்கவில்லை! ஒரே அரசரின் ஆட்சிக்குள், சுமார் 70 கிலோமீட்டர் தூரத்தில் இருந்த இன்னொரு ஊருக்குத்தான் ரோசி போனார். எல்லை எதையும் தாண்டவில்லை. அதே போலீஸ், அதே நீதிமன்றம், அதே கோயில் வழக்கம். கோயில் நுழைவுப் பிரகடனம் வருவதற்கு 1936 வரை காத்திருக்க வேண்டிய நாடு. அங்கே அவரைக் காப்பாற்றியது மாநில எல்லை என்று எழுதினால், தமிழ்நாட்டுக்கு அது பெருமையாக இருக்கலாம், உண்மையாக இருக்காது. அவரைக் காப்பாற்றியது பெயர் மாற்றமும், ஒரு நாயர் ஆணின் மனைவி என்ற மறைப்பும், யாரிடமும் எதையும் சொல்லாத வாயும்தான்.

திரையில் நாயர் பெண்ணாக நடித்ததற்குக் கல்லடி வாங்கியவர், அதன்பின் அரை நூற்றாண்டுக்கு மேல் நாயர் வீட்டுப் பெண்ணாகவே வாழ வேண்டியிருந்தது. இந்த வரி எனக்குப் பிடித்திருக்கிறது. கலைக்களஞ்சியத்தில் இதற்கு இடமில்லை என்பதால் இங்கே எழுதிவைக்கிறேன்.

தேதிக்கு வருவோம். ‘விகதகுமாரன்’ 1928 நவம்பர் 7 அன்று வெளியானது என்று நீண்ட காலம் எழுதிவந்தார்கள். மலையாள சினிமாவின் வயதையே அதிலிருந்துதான் கணக்கிட்டார்கள். பிற்பாடு 1930 அக்டோபர் 23 என்ற தேதியை ஆய்வாளர்கள் முன்வைத்தார்கள். நம் சுவரொட்டிகளில் 1928தான் இருக்கிறது. இரண்டையும் எழுதி, இரண்டுக்கும் மேற்கோள் கொடுத்தேன். பெயரும் இப்படித்தான். பெற்றோர் மதம் மாறியதால் ரோசி ஆனார் என்கிறார்கள், டேனியல் திரைக்காக வைத்த பெயர் என்றும் சொல்கிறார்கள். இரண்டையும் வைத்தேன். இதெல்லாம் எளிது.

எளிதாக இல்லாதது படம்.

ரோசி என்று சொல்லி ஒரு மங்கலான புகைப்படம் இணையம் முழுக்கச் சுற்றுகிறது. யார் எடுத்தது, எப்போது, எந்த இடத்தில், யாரிடமிருந்து வெளியே வந்தது என்ற எந்த விவரமும் படத்தோடு வருவதில்லை. அந்தப் படத்தைப் பார்த்துத்தான் நாம் பதாகை வரைகிறோம், அட்டைப்படம் போடுகிறோம், சட்டையில் அச்சிடுகிறோம். 2023 பிப்ரவரி 10 அன்று கூகுள் தன் முகப்பில் ரோசிக்கு மரியாதை செய்தபோதும் ஓவியமாகத்தான் வரைந்தது. என் வரைவில் படம் இருக்க வேண்டிய இடத்தைக் காலியாக விட்டேன். அதைப் பார்த்த தோழர் ஒருவர் இரவு பதினோரு மணிக்குத் தொலைபேசியில் அழைத்தார். பல ஆண்டுகளாகக் களத்தில் இருப்பவர். வாக்குவாதம் செய்யவில்லை. ‘தோழர், அவங்க பேரை எடுத்தாங்க, ஊரை எடுத்தாங்க, படச்சுருளும் போச்சு. இப்ப நீங்க முகத்தையும் எடுக்கணுமா?’ என்றார்.

அன்று அவருக்கு என்னால் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. இப்போது முயல்கிறேன். அந்தப் படம் ரோசியுடையதாக இருக்கலாம். இல்லாமல் இருந்தால், நாம் வேறு ஏதோ ஒரு பெண்ணின் முகத்தை, அவர் பெயரையும் வாழ்க்கையையும் அழித்துவிட்டு, ரோசியாக்கியிருக்கிறோம். ரோசிக்கு மற்றவர்கள் செய்ததை இன்னொரு பெண்ணுக்கு நாம் செய்கிறோம். இது ஒரு காரணம். இன்னொன்று நடைமுறை சார்ந்தது. ரோசியின் வாழ்க்கையைப் பற்றி நமக்குத் தெரிந்ததெல்லாம் சிலர் தேடிப்போய்க் கேட்டு எழுதியதால் தெரிந்தவை. டேனியலைச் சேலங்காட்டு கோபாலகிருஷ்ணன் தேடிப்போய் எழுதினார். ரோசியின் சுவட்டைக் குன்னுகுழி எஸ். மணி பிடித்து எழுதினார். அந்த எழுத்துகள் இல்லையென்றால் ரோசி என்று ஒருவர் இருந்ததையே இன்று மறுத்துவிடுவார்கள். சான்றில்லாத ஒரு படத்தை மேலே வைத்துவிட்டால், அது பொய் என்று யாராவது காட்டும் நாளில் கீழே இருக்கும் கல்லும் தீயும் லாரியும் சேர்ந்து பொய்யாகிவிடும். காத்திருக்கும் ஆட்கள் உண்டு.

தோழருக்கு இது முழுத் திருப்தி அளிக்கவில்லை. ‘சரி, ஓவியமாவது போடுங்க, ஓவியம்னு எழுதிப் போடுங்க’ என்றார். நியாயமான யோசனை. உரிமச் சிக்கல் இல்லாத ஓவியம் ஒன்றை வரைந்துகொடுக்க ஒரு ஓவியரிடம் கேட்டிருக்கிறேன்.

மூலங்கள் என்று பேசிக்கொண்டே போகிறேன், அவற்றின் வறுமையையும் சொல்ல வேண்டும். விக்கிப்பீடியாவில் சொந்த ஆய்வு கூடாது. நான் நாகர்கோவில் தெருக்களில் அலைந்து எதையாவது கேட்டு வந்தாலும், அது எங்காவது அச்சாகி, இன்னொருவர் சரிபார்க்கும் நிலையில் இருந்தால் ஒழிய அங்கே எழுத முடியாது. அலைந்தும் பார்த்தேன். வடசேரியில் ஒரு பெரியவரிடம் ராஜம்மாள் என்று தொடங்கினேன். ‘எந்த ராஜம்மை மக்கா? இங்க தெருவுக்கு நாலு ராஜம்மை உண்டும்லா’ என்றார். டீ வாங்கிக்கொடுத்து அனுப்பினார். ஒளிந்து வாழ்ந்த ஒருவர் எவ்வளவு நன்றாக ஒளிந்திருக்கிறார் என்பதற்கு அந்தப் பதிலைவிடச் சான்று வேண்டுமா? ஆனால் அதை எந்தக் கலைக்களஞ்சியத்தில் மேற்கோளாகக் காட்டுவது?

இந்த விதியை வெறும் மேட்டிமைத்தனம் என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. இதே விதிதான் சாதிச் சங்கங்களின் கட்டுக்கதைகளையும் வெளியே நிறுத்துகிறது. ‘எங்க தாத்தா சொன்னார்’ என்பது மேற்கோள் ஆகும் என்றால், நம் தாத்தாக்களைவிட அவர்களின் தாத்தாக்களுக்கு அச்சகமும் காசும் அதிகம். ஆனால் விதி எல்லோருக்கும் ஒன்றாக இருக்கிறது, அச்சு எல்லோருக்கும் ஒன்றாக இருக்கவில்லை. அரசவைக் குடும்பங்களின் நாட்குறிப்பும் கடிதமும் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. காக்காரிசி ஆடியவர்களுக்கு நாட்குறிப்பு ஏது? பலகையில் ஒரு பக்கம் மட்டும் எழுதிவிட்டு, எழுதியதை மட்டும் படி என்றால் மறுபக்கம் எப்போதும் வெறுமையாகத்தான் தெரியும். மறுபக்கத்தில் நாம்தான் எழுத வேண்டியிருக்கிறது, அதுவும் அச்சில், பெயரும் தேதியும் இடமும் போட்டு. நம் இயக்கத் தோழர்கள் முகநூலில் எழுதும் அருமையான பதிவுகள் மூன்றே நாளில் கீழே போய்விடுகின்றன. அவற்றை மேற்கோள் காட்ட முடியாது. அதே செய்தியை ஒரு சிற்றிதழில் நாலு பக்கம் எழுதினால் காட்டலாம். தேர்ந்த பேச்சாளர்கள் நம்மிடம் நிறைய, நூலடைவு தயாரிப்பவர்கள் குறைவு. இதைச் சொன்னால் கோபித்துக்கொள்கிறார்கள்.

கல்லூரி ஒன்றில் விக்கிப்பீடியா பயிற்சி கொடுத்தபோது ஒரு மாணவி கேட்டார்: ‘ஒரே ஒரு படம்தானே சார் நடிச்சாங்க? படத்தைப் பற்றிய கட்டுரையிலேயே ஒரு பத்தி எழுதினால் போதாதா?’ கேள்வியில் குதர்க்கம் இல்லை. ஒரே நிகழ்வால் மட்டும் அறியப்பட்டவருக்குத் தனிக் கட்டுரை தேவையா என்று பார்க்கச் சொல்லும் வழிகாட்டல் உண்மையிலேயே உண்டு. விதிப்படி பதில் சொல்வது எளிது. வினு ஆபிரகாமின் நாவல் ‘நஷ்டநாயிகா’, 2013இல் கமல் இயக்கிய ‘செல்லுலாய்டு’, கேரளத்தில் சினிமாப் பெண்கள் கூட்டமைப்பு 2019இல் ரோசி பெயரில் தொடங்கிய திரைப்படச் சங்கம், சென்னையில் நீலம் பண்பாட்டு மையம் ஏப்ரல் மாதத்தில் அவர் பெயரில் நடத்திவரும் திரைப்பட விழா என்று எண்பது தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பிறகும் அவரைப் பற்றிப் பேசிக்கொண்டேயிருக்கிறார்கள். அது போதும். ஆனால் நான் அந்த மாணவியிடம் வேறொன்றையும் சொன்னேன். இரண்டாவது படத்தில் அவர் ஏன் நடிக்கவில்லை என்பதுதான் அந்தக் கட்டுரையே. மற்ற நட்சத்திரங்களின் பக்கத்தில் படப்பட்டியல் நீளும். ரோசியின் பக்கத்தில் பட்டியல் ஒரு வரியோடு நிற்கும், அந்த வரிக்குப் பிறகு வரும் வெற்றிடத்துக்குக் காரணம் எழுத வேண்டும்.

டேனியலுக்கும் நெடுநாள் அங்கீகாரம் கிடைக்கவில்லை. 1938இல் வந்த பேசும்படம் ‘பாலன்’தான் முதல் மலையாளப் படம், ஊமைப்படத்துக்கு மொழி ஏது என்றார்கள். அவர் 1975இல் அகஸ்தீஸ்வரத்தில் இறந்தார். 1992இல் கேரள அரசு அவர் பெயரில் விருது தொடங்கியது. ‘செல்லுலாய்டு’ அவரைக் கதாநாயகனாக்கியது. தாமதமாக வந்தாலும் நியாயம்தான். ஆனால் அந்தப் படத்தில் ரோசி இரக்கத்துக்குரிய ஒரு பேதைப் பெண்ணாக ஒடுங்கிப் போகிறார். இன்றைக்காவது மலையாள சினிமாவில் ஒரு தலித் பெண்ணால் நாயர் வேடத்தில் நடிக்க முடியுமா என்று ஜென்னி ரோவினா அப்போதே கேட்டார். என் வரைவில் ‘பாதிக்கப்பட்டவர்’ என்ற சொல்லை அடித்துவிட்டு ‘நடிகை’ என்று எழுதினேன். அவர் படத்துக்கு வருமுன்பே மேடையில் ஆடியவர். டேனியல் தெருவில் கண்டெடுத்த அப்பாவி அல்ல, தொழில் தெரிந்த கலைஞர் என்பதால் அழைக்கப்பட்டவர். காக்காரிசி பற்றிய பத்தியைத்தான் எல்லாவற்றையும்விட நீளமாக எழுதியிருக்கிறேன்.

அவருடைய குடும்பத்தைப் பற்றி வெளியான செய்திகளில் பிள்ளைகளின் பெயர்களும், அவர்கள் தங்களை எந்தச் சாதியாகக் கருதுகிறார்கள் என்பதும் வந்திருக்கின்றன. மேற்கோள் இருக்கிறது, விதி தடுக்காது. இருந்தும் எடுத்துவிட்டேன். அரங்கில் நடந்தது ஊரறிய நடந்தது, அதை எழுதுவோம். தாய் வாழ்நாள் முழுக்கக் காத்த மௌனத்தைப் பிள்ளைகளின் வாசலில் போய் உடைப்பது நம் வேலையில்லை. இதில் தோழர்கள் வேறு கருத்து வைத்திருக்கலாம், கட்டுரையின் உரையாடல் பக்கத்தில் பேசுவோம்.

வரைவு ஏறக்குறைய முடிந்துவிட்டது. நிற்பது ஒரே வேலை. குன்னுகுழி மணியும் சேலங்காட்டு கோபாலகிருஷ்ணனும் எழுதியவை மலையாளத்தில் இருக்கின்றன. ஆங்கிலச் செய்திகளை வைத்து மேற்கோள் கொடுப்பதைவிட அவற்றையே நேராகப் படித்து, பக்க எண்ணோடு கொடுக்க வேண்டும். எனக்கு மலையாளம் பேச வரும், வேகமாகப் படிக்க வராது. எங்கள் பாட்டி காலத்தில் நாகர்கோவிலில் இரண்டு மொழியும் படித்தவர்கள் வீட்டுக்கு ஒருவர் இருந்தார்கள், இப்போது தேடவேண்டியிருக்கிறது. உதவக்கூடியவர்கள் இந்தத் தளத்தின் ஆசிரியர் குழு வழியாகத் தெரிவியுங்கள். இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தால் முடித்துவிடலாம்.